சைகோனுக்குத் தனியாகப் போகிறீர்களா? முதல் நாள் தடுமாறாமல் இருக்க ஒரு வழிகாட்டி

வியட்நாம் வரைபடத்தில் ஹோ சி மின் நகரம் என்று இருக்கும். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். முதுகில் ஒரு பை, கையில் அளவான காசு, கூட யாரும் இல்லை, வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழுச் சுற்றுலாவில் போகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

சைகோன் கஷ்டமான ஊர் இல்லை. கஷ்டம் முதல் நாளில் மட்டும்தான். ராத்திரி தூங்கியிருக்க மாட்டீர்கள். பர்ஸில் திடீரென்று லட்சக்கணக்கில் நோட்டு இருக்கும். போனில் சிக்னல் இருக்காது. வாசலில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். அந்த நிலைமையில் எடுக்கிற எந்த முடிவும் காசைத்தான் கரைக்கும். அதனால் முதல் நாளுக்கான முடிவுகள் அத்தனையையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். கீழே உள்ள வரிசை அதற்குத்தான். இணையத்தில் ஆளுக்கொன்று சொல்வதை அலசி, அலைந்து, சரிபார்த்துச் சேர்த்தது.

1. எப்போது போவது

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம் என்றாலும் நாள் முழுக்கப் பெய்வது குறைவு. மத்தியானத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர்ப் புழுக்கம் புதிதாக இருக்காது.

தவிர்க்க வேண்டிய காலம் ஒன்று உண்டு: டெட் என்கிற சந்திரப் புத்தாண்டு. ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும். நகரமே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும், நல்ல சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருக்கும், பஸ் டிக்கெட் விலை ஏறும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, விசா அலுவலகமும் மூடியிருக்கும். ஏப்ரல் 30, மே 1, செப்டம்பர் 2 ஆகியவையும் அங்கே அரசு விடுமுறைகள். இந்தத் தேதிகளை ஒட்டி விண்ணப்பித்தால் கூடுதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

2. விசா: பாதிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்

“வியட்நாமுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம்” என்று ஒரு வீடியோ உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அது ஃபூ குவோக் என்ற தீவுக்கு நேராகப் போய் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கான 30 நாள் சலுகை. சைகோனுக்குள் கால் வைக்க விசா கட்டாயம். “போய் இறங்கி வாங்கிக்கொள்ளலாம்” என்பதையும் நம்பாதீர்கள்.

வாங்க வேண்டியது இ-விசா. 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50 டாலர். கம்போடியாவுக்கு ஓர் எட்டு போய்விட்டுத் திரும்ப சைகோனுக்கு வரும் எண்ணம் இருந்தால் 50 டாலர் விசாதான் வேண்டும். எல்லையைத் தாண்டிவிட்டால் ஒரு முறை விசா அத்தோடு தீர்ந்தது.

தேவையானவை: திரும்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதம் உயிருள்ள பாஸ்போர்ட், அதன் புகைப்படப் பக்கத்தின் தெளிவான படம் (நான்கு மூலையும் தெரிய வேண்டும், பிளாஷ் வெளிச்சம் பளபளக்கக் கூடாது), வெள்ளைப் பின்னணியில் கண்ணாடி போடாமல் எடுத்த உங்கள் படம், தங்கப்போகும் இடத்தின் முகவரி, சர்வதேசப் பயன்பாடு திறந்துவிட்ட கார்டு.

இனி கண்ணிகள்.

போலித் தளங்கள்: கூகுளில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் ஏஜென்ட் தளங்கள். கொடி, முத்திரை எல்லாம் போட்டு அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கட்டணம் மட்டும் பல மடங்கு. அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் விஎன்’ என்று முடியும். அப்படி முடியவில்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள்.

பெயர்: நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி இது. குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டுகள் தமிழ்நாட்டில் ஏராளம். சிலருக்கு இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும், சிலருக்கு வெறும் எழுத்தாகவே நிற்கும். ஆதாரில் எப்படி, பான் கார்டில் எப்படி என்றெல்லாம் பார்க்காதீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும் அல்லவா, அதில் உள்ள எழுத்துகள் மட்டுமே கணக்கு. விசாவில் முழுப்பெயரும் ஒரே வரியாக அச்சாகும். அந்த வரியில் பாஸ்போர்ட்டில் இல்லாத ஓர் எழுத்து கூடவும் கூடாது, இருக்கும் எழுத்து குறையவும் கூடாது. விமான டிக்கெட்டிலும் இதே பிரச்சினை வரும். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டு, பிறகு காசு கட்டுங்கள்.

தேதி: விசாவில் போட்டிருக்கும் தொடக்கத் தேதிக்கு முன்னால் நுழைய முடியாது. நள்ளிரவை ஒட்டிய விமானம் என்றால் அங்கே இறங்கும் தேதி எது என்று பார்த்துப் போடுங்கள். வியட்நாம் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது.

நுழையும் இடம்: பட்டியலில் விமான நிலையங்களும் தரைவழி எல்லைகளும் துறைமுகங்களும் கலந்து கிடக்கும். உங்களுக்கு வேண்டியது சைகோனின் ‘தான் சோன் நியட்’ சர்வதேச விமான நிலையம்.

விண்ணப்பித்ததும் ஒரு பதிவு எண் வரும். அதைப் படம் பிடித்து வையுங்கள், அது இல்லாமல் முடிவைப் பார்க்க முடியாது. மூன்று வேலை நாள் என்பது அவர்கள் கணக்கு. சனி, ஞாயிறு சேராது. நான் சொல்வது, பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். கட்டணம் திரும்பி வராது.

விசா வந்ததும் சந்தோஷத்தில் மூடி வைத்துவிடாமல், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, ஆண்/பெண். ஒரு எண் மாறியிருந்தாலும் நம் ஊர் விமான நிலையக் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். திருத்தத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டி வரலாம். நேரம் இருந்தால்தானே அது முடியும்? மூன்று வாரம் என்றது இதற்காகத்தான். சரியாக இருந்தால் காகிதத்தில் இரண்டு பிரதி எடுங்கள்.

3. டிக்கெட்டும் கோப்பும்

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடி விமானம் தொடங்கியது, இப்போதும் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாக மாறிப் போகலாம். மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோகும் பை பெரும்பாலும் 7 கிலோதான், தராசில் வைத்தே பார்ப்பார்கள். பையின் சொந்த எடையே ஒன்றரை கிலோ இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். 7 கிலோவுக்குள் அடக்க முடியாதென்றால் டிக்கெட்டோடு சேர்த்தே கூடுதல் எடை வாங்குங்கள். கவுண்டரில் வாங்கினால் டிக்கெட் விலையோடு போட்டி போடும்.

தனியாக, முதல் தடவையாக, இளவயதில் போகிறவர்களை நம் ஊர்க் குடியேற்ற அதிகாரிகள் கொஞ்சம் கூடுதலாக விசாரிப்பது வழக்கம். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவை காகிதமாகவே இருக்கட்டும்: விசா, திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, பயணக் காப்பீடு, டாலர் வாங்கிய ரசீது. கேட்டால் எடுத்து நீட்டுங்கள், கேட்காததைச் சொல்ல வேண்டாம். போனில் இருக்கிறது என்று ஸ்க்ரோல் செய்துகொண்டு நின்றால் பின்னால் வரிசை முறைக்கும்.

காப்பீடு ஒரு வாரத்துக்குச் சில நூறு ரூபாய்தான். தவிர்க்காதீர்கள்.

4. காசு: சுழிகளோடு ஒரு மல்யுத்தம்

இந்திய ரூபாயை அங்கே மாற்ற நினைக்காதீர்கள். டாலராகக் கொண்டுபோங்கள். பதிவு பெற்ற நாணய மாற்று நிறுவனத்தில் பாஸ்போர்ட், பான் கார்டு, விசா, டிக்கெட் காட்டினால் கிடைக்கும். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். நோட்டில் மடிப்போ பேனாக் கோடோ முத்திரையோ இருக்கக் கூடாது, அங்கே வாங்க மறுப்பார்கள் அல்லது விலையைக் குறைப்பார்கள். 100 டாலர் நோட்டுகளுக்கு நல்ல விலை கிடைக்கும். ஐந்தாறு நாளுக்கு 300 டாலர் ரொக்கமும், அவசரத்துக்கு ஒரு கார்டும் போதும். கார்டில் சர்வதேசப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். கிளம்பும் முன்பே செய்யுங்கள், அங்கே போய் ஓடிபி வரவில்லை என்று அல்லாட வேண்டாம்.

வியட்நாம் நாணயத்தின் பெயர் டாங். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங். மனக்கணக்குக்குச் சுலபமான வழி: கடைசி மூன்று சுழியை வெட்டிவிட்டு மிச்சத்தை மூன்றரையால் பெருக்குங்கள். 40,000 டாங் என்றால் 40, மூன்றரை மடங்கு 140 ரூபாய். உண்மை விலை இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், பரவாயில்லை. கடைக்காரர்களும் சுழிகளை வெட்டித்தான் பேசுவார்கள். ‘நாற்பது’ என்றால் நாற்பதாயிரம்.

நோட்டுகள் விஷயத்தில் எச்சரிக்கை. எல்லாவற்றிலும் ஹோ சி மின் முகம்தான், அதை வைத்து அடையாளம் காண முடியாது. 20,000 நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். டாக்சியின் மங்கிய வெளிச்சத்தில் இருபதாயிரம் என்று நினைத்து ஐந்து லட்சத்தை நீட்டினால் கிட்டத்தட்ட 1,600 ரூபாய் போய்விடும், அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. 5,00,000 நோட்டுகளைத் தனி அறையில் வையுங்கள். சில்லறை செலவுக்கு 50,000 வரையிலான நோட்டுகள் மட்டும் பாக்கெட்டில் இருக்கட்டும்.

விமான நிலையத்தில் 50 டாலர் மட்டும் மாற்றுங்கள், மீதியை நகரத்தில் வங்கியிலோ உரிமம் உள்ள கடையிலோ மாற்றிக்கொள்ளலாம். கவுண்டரை விட்டு நகரும் முன்னால் எண்ணிப் பாருங்கள், அவசரப்படுத்தினாலும் எண்ணுங்கள். ஏடிஎம்மில் எடுத்தால் ஒரு தடவைக்கு இருபது, முப்பது லட்சம் டாங்தான் பெரும்பாலும் தரும். ஒவ்வொரு தடவையும் அங்குள்ள வங்கிக்கும் நம் வங்கிக்கும் கட்டணம் உண்டு. திரையில் “ரூபாயில் மாற்றிக் கழிக்கட்டுமா” என்ற பொருளில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விலை எப்போதும் உங்களுக்குப் பாதகம்தான்.

5. கிளம்பும் முன் போனில் செய்ய வேண்டியவை

வாடகைக் காரும் பைக்கும் கூப்பிட உதவும் கிராப் செயலியை இந்திய எண்ணில் வீட்டிலேயே பதிந்து வையுங்கள். ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். ரொக்கமாகக் கொடுக்கும் வசதி இருப்பதால் கார்டு சேர்க்க வேண்டியதில்லை. கூகுள் வரைபடத்தில் சைகோன் பகுதியை இறக்கி வையுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் வியட்நாமியத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். சந்தைக்காரப் பெண்மணியிடம் பேச இணையம் இல்லாத நேரத்திலும் அது கைகொடுக்கும்.

தங்குமிட முகவரியை வியட்நாமிய எழுத்திலேயே படம் பிடித்து வையுங்கள். இதில் இரண்டு சிக்கல். 2025 ஜூலை 1 முதல் மாவட்டம் என்ற அடுக்கையே எடுத்துவிட்டார்கள், அக்கம்பக்கத்து இரண்டு மாகாணங்களும் நகரத்தோடு சேர்ந்துவிட்டன. ஊர்க்காரர்கள் இன்னும் ‘குவான் மோட்’, அதாவது ஒன்றாம் மாவட்டம் என்றுதான் சொல்கிறார்கள், புதிய முகவரிகளிலோ வார்டு பெயர் மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான், குழம்ப வேண்டாம். இரண்டாவது, வீட்டு எண்ணில் சாய்கோடு இருந்தால், உதாரணமாக 40/12, அது 40-ஆம் எண் சந்துக்குள் இருக்கும் 12-ஆம் வீடு. தெருவோரத்தில் தேடிக்கொண்டே இருந்தால் கிடைக்காது. டாக்சியும் உள்ளே வராது.

பிளக்: நம் மெல்லிய இரண்டு முனை சார்ஜர்கள் அங்கே நன்றாகவே பொருந்தும். மூன்று முனை உள்ளதை அடாப்டர் இல்லாமல் கொண்டுபோகாதீர்கள்.

6. இறங்கியதிலிருந்து படுக்கை வரை

குடியேற்ற வரிசை நீளமாக இருக்கும், ஒரு மணி நேரம் கூட ஆகலாம். அச்சடித்த விசாவைக் கையில் வைத்திருங்கள். முத்திரை குத்தியதும் நகரும் முன்னால் அதில் உள்ள தேதியைப் பாருங்கள்.

வெளியே வரும் வழியில் சிம் கடைகள் வரிசையாக நிற்கும். பாஸ்போர்ட் கேட்பார்கள், அது சட்டம். வியட்டெல், வினாஃபோன், மொபிஃபோன் மூன்றில் எதுவானாலும் நகரத்துக்குள் பிரச்சினை இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் இருக்கப்போவதில்லை என்றால் 30 நாள் திட்டத்தைத் தலையில் கட்டவிடாதீர்கள். போனில் இணையம் வந்ததைப் பார்த்த பிறகே காசு. இந்திய சிம்மைக் குட்டி உறையில் போட்டு பாஸ்போர்ட்டோடு ஒட்டி வையுங்கள். இ-சிம் ஏற்கும் போன் என்றால் வீட்டிலேயே வாங்கிவிடலாம், இந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம்.

நகர மையம் ஏழெட்டு கிலோமீட்டர்தான். மூன்று வழி.

பஸ்: 109-ஆம் எண் மஞ்சள் பஸ் ‘பென் தான்’ சந்தையைத் தொட்டு, முதுகுப்பைக்காரர்கள் தங்கும் ஃபாம் ஙு லாவ் பகுதிக்கே போகும். 20,000 டாங்குக்குள் முடியும். 152 அதைவிட மலிவு, பெரிய பைக்குக் கூடுதல் சீட்டு கேட்கலாம். பகலில் இறங்கினால் யோசிக்காமல் பஸ்.

கிராப் கார்: நேரத்தைப் பொறுத்து ஒன்றேகால் லட்சம் முதல் இரண்டு லட்சம் டாங் வரை. விமான நிலைய வாசல் கட்டணம் தனி. செயலியில் காட்டும் வண்டி எண்ணும் எதிரே நிற்கும் வண்டி எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பச்சைச் சட்டை போட்டு “கிராப், கிராப்” என்று தாமாகவே வந்து கூப்பிடுகிறவர் நீங்கள் பதிந்த ஓட்டுநர் இல்லை. சிரித்துவிட்டு நடங்கள்.

மீட்டர் டாக்சி: வெள்ளை வினாசன், பச்சை மாய் லின். இதே நிறத்தில், ஓரெழுத்து மாற்றிப் பெயர் எழுதிய வண்டிகளும் சுற்றுகின்றன. பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஏறுங்கள்.

இந்தியாவிலிருந்து கிளம்பும் விமானங்கள் பல காலையில் இறங்குபவை. விடுதிகளோ மத்தியானம் 2 மணிக்குத்தான் படுக்கை தரும். பையை வைத்துக்கொள்வார்கள், முகம் கழுவ இடம் தருவார்கள். முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. தங்குமிடம்

பொது அறையில் ஒரு படுக்கை ஒன்றரை லட்சம் முதல் இரண்டரை லட்சம் டாங் வரை கிடைக்கும், அதாவது 500 முதல் 850 ரூபாய். எல்லோரும் புயி வியென் தெரு என்பார்கள். மது விடுதிகள் நிறைந்த தெரு அது. விடிய விடிய ஒவ்வொரு கடையும் பக்கத்துக் கடையைவிடச் சத்தமாகப் பாட்டு வைக்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும். அதைப் பார்க்க ஒரு மாலை போதும். தூங்குவதற்கு இரண்டு தெரு தள்ளி, சந்துக்குள் இருக்கும் விடுதியாகப் பாருங்கள். விமர்சனங்களில் ‘சத்தம்’ என்ற சொல்லை மட்டும் தேடிப் படித்தாலே எது உதவாது என்று தெரிந்துவிடும்.

வெளிநாட்டவர் தங்குவதைக் காவல்துறைக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பாஸ்போர்ட்டை வாங்குவார்கள். பதிந்ததும் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், முன்மேசை டிராயரிலேயே விட்டுவிட வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும் விடுதிகள் நிறைய உண்டு. நமக்கு அது பழக்கம்தானே.

8. சாலையைக் கடப்பது

சைகோனைப் பற்றிய முதல் நினைவு யாருக்கும் இதுவாகத்தான் இருக்கும். வாசலை விட்டு இறங்கினால் ஸ்கூட்டர்கள். அணை திறந்துவிட்ட தண்ணீர் மாதிரி இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும். சிக்னல் விழுந்தாலும் திரும்புகிறவர்கள் நிற்பதில்லை. நெரிசல் முற்றினால் நடைபாதை மேலேயும் ஏறி வருவார்கள், அங்கே மட்டும் பத்திரம் என்று நினைக்காதீர்கள். ஆச்சரியம் என்னவென்றால் ஹாரன் சத்தத்தில் கோபம் இல்லை. ‘நான் வருகிறேன்’ என்ற தகவல்தான்.

நம் ஊர் முறை அங்கே உதவாது. சென்னையில் நாம் கையைக் காட்டிக்கொண்டே ஓடுவோம், பாதியில் நிற்போம், பின்வாங்குவோம், மறுபடி ஓடுவோம். அங்கே ஓட்டுகிறவர் உங்கள் நடையின் வேகத்தைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே வளைகிறார். நீங்கள் நின்றாலோ பின்வாங்கினாலோ அந்தக் கணக்கு தப்பிவிடும். ஆகவே:

பஸ், கார், லாரி வராத நேரமாகப் பாருங்கள். அவை உங்களைச் சுற்றி வளையாது. ஸ்கூட்டர்கள் மட்டும் என்றானதும் ஒரே சீரான, மெதுவான நடையில் இறங்குங்கள். ஓடாதீர்கள். போனைப் பார்க்காதீர்கள். வருகிறவர்களை முகம் பார்த்துக்கொண்டே போங்கள். முதல் தடவை மட்டும் ஒரு பாட்டியம்மாவைப் பார்த்து, அவர் மறுபக்கமாக நின்றுகொண்டு சேர்ந்து கடந்துவிடுங்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, முதலில் பார்க்க வேண்டியது இடப்பக்கம். இருபது வருஷப் பழக்கத்தில் கழுத்து தவறான பக்கம்தான் திரும்பும்.

சொந்தமாக ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் ஆசை வரும். கடையில் உரிமம்கூடக் கேட்க மாட்டார்கள். ஆனால் வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தப்படியான சர்வதேச ஓட்டுநர் அனுமதியை. உங்கள் கையிலுள்ள புத்தகத்தில் 1949 என்று அச்சாகியிருந்தால் அங்கே அது செல்லாது. செல்லாத உரிமத்தோடு விழுந்தால் காப்பீடும் கைவிரித்துவிடும். நகரத்துக்குள் கிராப் பைக் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு? இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு முப்பதாயிரம் டாங்கைத் தாண்டாது, தலைக்கவசம் ஓட்டுநரே தருவார்.

9. திருட்டும் தந்திரங்களும்

வன்முறை பற்றிய பயம் வேண்டாம், தனியாகப் போகும் பெண்களும் ராத்திரியில் சாதாரணமாக நடமாடும் ஊர். உண்மையான தொல்லை போன் பறிப்பு. ஸ்கூட்டரில் வந்து கையிலிருந்து கவ்விக்கொண்டு போய்விடுவார்கள். நடைபாதை ஓரத்தில் நின்று வரைபடம் பார்ப்பதுதான் அவர்களுக்கு நீங்கள் தரும் வாய்ப்பு. வழி பார்க்க வேண்டுமானால் கடைக்குள் ஏறி, சாலைக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். பை குறுக்காக, சாலைக்கு எதிர்ப்பக்கத் தோளில் இருக்கட்டும்.

இளநீர்க்காரர் தன் காவடிக் கம்பை உங்கள் தோளில் வைத்து “படம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார். எடுத்து முடிப்பதற்குள் இளநீரைச் சீவிவிட்டு ஒன்றுக்கு மூன்று விலை சொல்வார். செருப்பைத் தைக்கிறேன் என்று காலைப் பிடிப்பவர்களும் இந்த ரகம்தான். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறுவதானால் மொத்த விலையை, சுழிகளோடு, போனில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். விலை போடாத மெனு அட்டை வந்தால் எழுந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மேசையில் உறையோடு வைக்கும் ஈரத்துணி இலவசம் இல்லை. இரண்டு மூன்றாயிரம் டாங்தான், தெரிந்துகொள்ளுங்கள்.

காவல்துறை 113, ஆம்புலன்ஸ் 115. இந்தியத் துணைத் தூதரகம் சைகோனிலேயே இருக்கிறது, அதன் எண்ணைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். போன் போன பிறகு போனில் உள்ள எண்ணால் என்ன பயன்?

10. சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே வழிகாட்டி எதுவும் தேவையில்லை. கூட்டம் இருக்கும் கடையில், அந்தக் குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டியதுதான்.

சைவர்களுக்கு: ‘சாய்’ என்றால் சைவம். ‘கொம் சாய்’ என்று பலகை போட்ட கடைகள் நகரம் முழுக்க உண்டு. சோறு, டோஃபு, கீரை, காளான் எல்லாம் சேர்த்து முப்பது முதல் ஐம்பதாயிரம் டாங்கில் வயிறு நிறையும். தட்டில் இறைச்சித் துண்டு மாதிரியே இருப்பதும் சோயாதான், பதற வேண்டாம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர்களுக்கு விரத நாட்கள். அன்றைக்குச் சைவக் கடைகளில் கூட்டம் அலைமோதும், சாதாரணக் கடைகளிலும் சைவம் கிடைக்கும். மற்றக் கடைகளில் “கறி வேண்டாம்” என்று சொன்னால் மட்டும் போதாது. காய்கறி மேலேயும் ‘நுவோக் மாம்’ என்கிற மீன் சாறு ஊற்றுவார்கள், நூடுல்ஸ் சாறும் எலும்பில் வேகவைத்ததுதான். “டோய் ஆன் சாய்” என்ற வாக்கியத்தை வியட்நாமிய எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள். முட்டை சாப்பிடுகிறவர்கள் பிழைத்துக்கொள்ளலாம். முட்டை வைத்த பான் மீ ரொட்டி இருபது, முப்பதாயிரம் டாங்குக்கு எந்த முக்கிலும் கிடைக்கிறது.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஐஸ் போட்ட காபி இருபத்தைந்தாயிரம் டாங். நம் பில்டர் காபிக்காரர்கள் தினம் மூன்று குடிப்பார்கள், ராத்திரி தூக்கம் வராமல் ஏன் என்று யோசிப்பார்கள்.

11. முதல் இரண்டு நாள் எங்கே

எல்லாம் நடக்கும் தூரத்தில்தான். போர் நினைவு அருங்காட்சியகம் 40,000 டாங், காலை ஏழரைக்கே திறக்கிறார்கள். முதல் ஆளாகப் போனால் அமைதியாகப் பார்க்கலாம். பார்த்த பிறகு உடனே வேறெங்கும் ஓட மனம் வராது, அடுத்த மணி நேரத்தைக் காலியாக விடுங்கள். சுதந்திர மாளிகை பக்கத்தில். பழைய தபால் நிலையம் இலவசம். 2024 டிசம்பர் 22-ல் ஓடத் தொடங்கிய முதல் மெட்ரோ பாதை பென் தானிலிருந்து சுவோய் தியென் வரை 14 நிலையங்கள். கட்டணம் 20,000 டாங்கைத் தாண்டாது. வெயில் உச்சியில் இருக்கும்போது கடைசி நிலையம் வரை போய்த் திரும்பினால் நகரம் எவ்வளவு பெரியது என்று ஏசியில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

பென் தான் சந்தையில் பொருள் வாங்காதீர்கள், வேடிக்கை மட்டும் பாருங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் துரோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழ் வணிகர்கள் கட்டியது. இப்போது கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள், சீனர்கள். சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வதைப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. வாசலில் பூவும் ஊதுபத்தியும் கையில் திணிப்பவர்களிடம் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வியட்நாம் போர்க்காலத்து கூ சி சுரங்கங்களுக்கு அரை நாள் சுற்றுலா விற்பவர்கள் ஏராளம். நுழைவுச்சீட்டு சேர்ந்த விலையா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பென் தின் என்ற பகுதிதான் அருகில் உள்ளது, கூட்டமும் அங்கேதான். பென் துவோக் தூரம், அமைதி.

12. ஒரு நாள் செலவும் திரும்பும் நாளும்

படுக்கை இரண்டு லட்சம், சாப்பாடும் காபியும் இரண்டரை லட்சம், போக்குவரத்து ஒரு லட்சம், நுழைவுச்சீட்டும் சில்லறையும் ஒரு லட்சம். ஆக ஆறரை லட்சம் டாங், சுமார் 2,200 ரூபாய். மது அருந்துகிறவர்கள் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாளில் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள். மாலை 4 மணியிலிருந்து 7 மணி வரை அந்த ஏழெட்டு கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம் பிடிக்கலாம். உள்நாட்டு விமானங்களுக்கு 2025-ல் புது முனையம் திறந்திருக்கிறார்கள், ஓட்டுநரிடம் சர்வதேச முனையம் என்று சொல்லி இறங்குங்கள். விசா முடியும் நாளை ஒரு நாள் தாண்டினாலும் அபராதம்.

மிஞ்சிய டாங்கை நம் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள். கடைசி நாள் காலையிலேயே கையிருப்பை எண்ணி, வண்டிக்கும் ஒரு காபிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நகரத்திலேயே டாலராக்கிவிடுங்கள். முதலில் மாற்றியபோது கொடுத்த ரசீதைக் கேட்கலாம், அதைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.